தனிப்பயனுக்கு மட்டும்

1

இந்தக் கதையின் முதல் பக்கத்தை எனக்குச் சொந்தமில்லாத கையெழுத்தில் எழுதினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் அசிங்கம்.

கணினியில் வரும் அச்செழுத்து எனக்கு ஒத்துவராது. எதை அடித்தாலும் வக்கீல் நோட்டீஸ் போலவே இருக்கும். அதனால் இரண்டு வருடம் முன்பு, படம், இசை, எழுத்துரு என்று கணினிக்கு வேண்டிய சாமான்களை விற்கும் ஓர் இணையச் சந்தையில், கையெழுத்து போலவே தெரியும் ஓர் எழுத்துருவை வாங்கினேன். லேசாக வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒரு சொல்லில் இரண்டு ‘க’ வந்தால் இரண்டும் இரண்டு மாதிரி இருக்கும். யாரோ ஒரு பெண் நின்றுகொண்டே, அவசரமாக, ஆனால் அக்கறையோடு எழுதித் தந்தது போல இருக்கும். என் பொய்களை அந்தக் கையெழுத்தில் பார்த்தால் எனக்கே உண்மை என்று தோன்றும். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது மழையும் ரயிலும் வரும் ஒரு காதல் கதை. அது பிறகு செத்துவிட்டது. நல்லதுதான்.

அந்தக் காதல் கதையை ஒரு பத்திரிகை கேட்டது. ஒரு பக்கத்தை இந்தக் கையெழுத்திலேயே அச்சிடலாமே என்று எனக்கு ஆசை. அப்போதுதான் எழுத்துருவோடு வந்த குறிப்பை முதல்தடவையாக வாசித்தேன். ‘தனிப்பயனுக்கு மட்டும்’ என்று இருந்தது. மூன்று வகை உரிமம் வைத்திருந்தார்கள். நான் வாங்கியது அடிமட்டத்தில் உள்ளது, ஒரு டீக்காசு. அச்சில் போட வேண்டுமானால் மேல்படி வாங்க வேண்டும். வருடத்தில் ஒருநாள் எனக்கு நேர்மை பொங்கும். அன்று பொங்கியது. சந்தைக்குப் போனால் அந்தப் பக்கமே இல்லை. குறிப்பின் அடியில் விற்பவரின் மின்னஞ்சல் இருந்தது. மேல்படி உரிமம் வேண்டும், எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்டு எழுதினேன்.

பதில் ஒரே வரியில் வந்தது. “அதை அழிச்சிடுங்க. தயவுசெஞ்சு.”

எழுதுகிற ஜென்மத்துக்கு இப்படி ஒரு வரி கிடைத்தால் சும்மா இருக்குமா? கிண்டிக் கிளறி அதை விற்றவனின் அறை வரைக்கும் போய்விட்டேன். அவனை இனி தம்பி என்றே சொல்கிறேன்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று நான் பட்ட பாடு.

ஆரம்பம் ஒன்று: ‘தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே எழுத்துகளின் வளைவுகள் மீது தீராத—’

வேண்டாம். தீராத எதுவும் அவனுக்கு இல்லை. வேலை கிடைக்காமல் எழுத்துரு செய்யப் பழகினான், அவ்வளவுதான். ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வாடகை அறை, இரண்டு திரை, வெளிச்சம் வராதபடி ஒரு பழைய போர்வையைக் கட்டிய ஜன்னல்.

ஆரம்பம் இரண்டு: ‘தையல்காரரின் வலது பாதத்தை எடுத்த அன்று—’

இது உங்கள் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கும். அதனாலேயே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் எழுதிவிட்டேன், நீங்களும் வாசித்துவிட்டீர்கள். இருக்கட்டும்.

ஆரம்பம் மூன்று: அக்கா.

அக்கா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இருபத்து இரண்டு வருடமாக ஒரே கடை, ஒரே கண்ணாடி மேஜை. சீட்டை வாங்குவாள், மாத்திரையை எண்ணுவாள், சின்னப் பழுப்பு உறையில் போடுவாள், உறையின் மேல் எழுதுவாள். ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்.’ டாக்டர் எழுதியதை டாக்டரே வாசிக்க முடியாது என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் அந்தத் தெருக்காரர்கள் டாக்டரைப் பார்ப்பார்கள், ஆனால் அக்காவைத்தான் நம்புவார்கள். எல்லார் வீட்டு அலமாரியிலும் அவள் கையெழுத்து இருந்தது. வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்தால், “அக்கா என்ன எழுதியிருக்கா, பாரு” என்பார்கள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மூன்றாவது ஆரம்பத்தையே வைத்துக்கொள்கிறேன். இந்தக் கதையில் எல்லாம் அந்த உறையிலிருந்துதான் வருகிறது.

3

தம்பி செய்த முதல் பதினோரு எழுத்துருக்கள் விற்கவில்லை. எல்லாம் நேராக, அழகாக, அடுக்கி வைத்த செங்கல் போல இருந்தன. அதே மாதிரி ஆயிரம் பேர் செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்து எழுத்துரு என்றால் மட்டும் கொஞ்சம் போகும் என்று யாரோ சொன்னார்கள்.

கட்டம் போட்ட தாள்களோடு அக்கா வீட்டுக்குப் போனான்.

“கட்டத்துக்குள்ள ஒவ்வொரு எழுத்தா எழுதிக் குடுக்கா.”

“எதுக்குடா?”

“ஃபான்ட் பண்ணப் போறேன். விக்கலாம்.”

“என் கோழிக்கிறுக்கலையா? காசு குடுத்து வாங்குறவனைக் கூட்டிட்டு வா, ஒரு டீ போட்டுக் குடுக்கிறேன்.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள். ஆனால் கட்டத்துக்குள் உட்கார்ந்த எழுத்தெல்லாம் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. அவள் கை அது இல்லை என்று தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் சொல்லி, தீர்ந்துபோன மாத்திரை உறைகளைச் சேகரித்தான். முந்நூற்றுக்கு மேல் சேர்ந்தன. அவசரத்தில், நின்றபடி, பின்னால் ஏழு பேர் காத்திருக்கும்போது அவள் எழுதியவை. ஒவ்வொரு எழுத்துக்கும் நாலைந்து வடிவம் எடுத்து, அடுத்தடுத்து ஒன்றே வராதபடி செய்தான். எட்டு மாத வேலை.

சந்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ‘எழுத்துகள் ஒரே சீராக இல்லை’ என்பது காரணம். “கையெழுத்து எப்படிய்யா ஒரே சீரா இருக்கும்?” என்று திரையைப் பார்த்துக் கத்தினானாம். மூன்றாவது முறை, என்ன புண்ணியமோ, எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனைப் பக்கத்துக்கு ஒரு மாதிரிப் படம் வேண்டும். ஒரு பழுப்பு உறையைப் படமெடுத்து, அதன் மேல் தன் எழுத்துருவில் ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று அடித்துப் போட்டான். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

கடைசியாக ஒரு படிவம். நிறையக் கேள்விகள். அதில் ஒன்று: ‘இந்தப் பொருளில் அடையாளம் காணக்கூடிய நபர் யாரேனும் இருக்கிறாரா?’ புகைப்படம் விற்பவர்களுக்கான கேள்வி அது. ஆம் என்றால் அந்த நபரின் கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும். எதற்கெல்லாம் பயன்படுத்தக்கூடாது என்று அவர் சொல்லலாம். மருந்து, அரசியல், மதம் கூடாது என்று தடுக்கலாம்.

தம்பி ‘இல்லை’ என்பதில் டிக் அடித்தான். படத்தில் மூஞ்சியா இருக்கிறது? வெறும் எழுத்துதானே.

(அந்த இடத்தில் நீங்களாக இருந்தாலும் அதைத்தான் அடித்திருப்பீர்கள். நானும்தான். இதை அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. எட்டு மாதம் அவளுடைய ஒவ்வொரு வளைவையும் பெரிதாக்கிப் பார்த்தவன் அவன். ‘ஆம்’ என்று அடிக்க வேண்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார், அதுவும் அவன்தான்.)

4

உரிமங்களைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாமல் வாசியுங்கள், கதைக்கு வேண்டும்.

அடிமட்டம் தனிப்பயன்: உங்கள் கடிதம், உங்கள் குழந்தையின் பிறந்தநாள் அட்டை. நடுமட்டம் வணிகப் பயன்: கடைப் பலகை, விளம்பரம். மேல்மட்டம் விரிவான உரிமம்: விற்கிற பொருளின் மேலேயே எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மூன்றுக்கும் விலை வேறு, ஆனால் வாங்கியதும் இறங்கி வரும் கோப்பு ஒன்றே. எவன் எந்தக் காசு கொடுத்தான் என்று எழுத்துக்குத் தெரியாது.

நூறு பேர் வாங்கினால் தொண்ணூற்றேழு பேர் தனிப்பயன்தான் வாங்கினார்கள். ஆனால் தம்பி தெருவில் நடந்தால் அக்காவின் எழுத்து எங்கும் இருந்தது. பேருந்தின் முதுகில், சோப்பு அட்டையில், ஒரு பல் மருத்துவரின் பலகையில். முதலில் பெருமையாக இருந்ததாம். பிறகு வயிறு எரிந்தது. புகார் எழுதுவான். ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம்’ என்று ஒரு நிமிடத்தில் பதில் வரும். வாங்கியவர் யார் என்று சொல்லமாட்டார்கள். அது அவருடைய அந்தரங்கமாம். அவனைக் கேட்காமலே பாதி விலைக்குத் தள்ளுபடி போடுவார்கள். கேட்டால், நீங்கள் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட விதிகளில் முப்பத்தெட்டாவதைப் பாருங்கள் என்பார்கள். கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிப் புலம்புவான். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள்.

“பஸ்ஸு மேல என் எழுத்தா? நல்லா இருக்காடா?”

“நல்லா இருக்குக்கா. காசுதான் வரலை.”

“போனாப் போவுது விடு. எழுத்துத் தேஞ்சா போயிடும்?”

5

இப்போது அந்தப் பகல்.

சர்க்கரை நோய்க்குப் பொடி விற்கும் ஒரு கம்பெனி. அதன் ஆட்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடிகளில் மூன்று மாதத்துக்கான பொட்டலத்தை இலவசமாக மாட்டிவிட்டுப் போனார்கள். பளபள உறை இல்லை. சின்னப் பழுப்பு உறை. மேலே கையெழுத்தில்: ‘சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுங்கள். இந்தப் பொடி மட்டும். காலை 1 கரண்டி, இரவு 1 கரண்டி, சாப்பாட்டுக்குப் பின்.’

(அது எப்படி அக்காவின் தெருவுக்கே வந்தது, எழுத்தாளன் வசதிக்கு வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். நகரம் முழுக்க நாற்பதாயிரம் கதவுகளில் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு தெரு அவளுடையது. மற்றத் தெருக்களில் அது ஒரு விளம்பரம். அவள் தெருவில் மட்டும்தான் அது அக்கா சொன்ன பேச்சு.)

தையல்காரர் அக்காவிடம் பத்து வருடமாக மாத்திரை வாங்குபவர். அந்த மாதம் அவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. வேறு கடையில் வாங்குகிறாரோ என்று அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கிறாள். மூன்றாவது மாதம், கீழே விழுந்த ஊசியொன்று அவர் வலது பாதத்தில் குத்தியது. அவருக்கு அது குத்தியதே தெரியவில்லை. சர்க்கரை ஏறிய கால் அப்படித்தான். தெரிந்தபோது பாதம் கறுத்துவிட்டது.

பாதத்தை எடுத்து ஆறாம் நாள் அவர் மனைவி கடைக்கு வந்தார். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றார். பிறகு கைப்பையிலிருந்து அந்த உறையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார்.

“இது நீ எழுதுனதுதானேம்மா?”

அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“நான் எழுதலைம்மா.”

“உன் எழுத்துதானே?”

அக்காவால் பொய் சொல்ல முடியவில்லை.

“என் எழுத்துதான்.”

“அவரு சொன்னாரு, அக்காவே எழுதிக் குடுத்து அனுப்பியிருக்கா, இனிமே மாத்திரை வேணாமாம்னு. சந்தோஷப்பட்டாரு.” அந்த அம்மா சண்டை போடவில்லை, அதுதான் பெரிய கொடுமை. “உன்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனா நீ எழுதிக் குடுத்ததை நாங்க என்னைக்கும்மா கேள்வி கேட்டிருக்கோம்?”

இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதினேன். ஒரு வரைவில் அக்காவைக் கதறி அழவைத்தேன். இன்னொன்றில் மயங்கி விழவைத்தேன். உண்மையில் அவள், “கொஞ்சம் உக்காருங்கம்மா,” என்று ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாள். பிறகு பேனாவை மூடிக் கடைக் கோட்டின் பையில் வைத்தாள். அதன்பின் அவள் அந்தக் கடையில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

6

அன்று சாயங்காலம் அவள் தம்பி அறைக்குப் போய் உறையை அவன் மேஜையில் வைத்தாள். அவனுக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. அவன் தன் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் அவர்கள் இந்த உறையையே செய்திருக்கிறார்கள்.

“யாருடா இவங்க?”

“தெரியாதுக்கா. பேர் குடுக்க மாட்டாங்க.”

“என்கிட்ட வாங்கின எழுத்து. நீ யாருக்கு வித்தேன்னு உனக்கே தெரியாதா?”

அதற்கு அவன் ஒரு தப்பான பதிலைச் சொன்னான். “அவங்க தனிப்பயனுக்குத்தான்கா வாங்கியிருப்பாங்க. இது லைசென்ஸ் மீறல். நான் கேஸ் போடலாம்.”

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். “சரியான லைசென்ஸ் வாங்கியிருந்தா அவரு காலு இருந்திருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் அவனிடம் பேசவில்லை.

தம்பி சந்தைக்கு எழுதினான். உறையைப் படமெடுத்து அனுப்பினான். பத்து நாள் கழித்து வந்த பதிலை என்னிடம் காட்டினான், அப்படியே தருகிறேன். ‘நீங்கள் அனுப்பிய படத்தை ஆராய்ந்தோம். அதில் உள்ளது ஒருவர் கையால் எழுதியது போலத் தோன்றுகிறது. உங்கள் பொருளைப் பயன்படுத்தியதாக உறுதிசெய்ய முடியவில்லை.’

எட்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

எழுத்துருவை நீக்கிவிடுங்கள் என்றான். நீக்க முப்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த முப்பது நாளும் அதன் பக்கத்தில் ‘விரைவில் நீக்கப்படும்’ என்று சிவப்பில் ஒரு பட்டை ஒட்டினார்கள். கிடைக்காமல் போகிறது என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? இரண்டு வருடத்தில் விற்றதைவிட அந்த ஒரு மாதத்தில் அதிகம் விற்றது. ஏற்கெனவே வாங்கியவர்களிடமிருந்து திரும்ப வாங்கவும் வழியில்லை. அவர்கள் உரிமம் காலத்துக்கும் செல்லும். விசாரித்துக் கண்டுபிடித்த பொடிக் கம்பெனியின் முகவரிக்கு அவன் நேரில் போனான். பூட்டிய ஷட்டர், அதன் கீழே குவிந்த தபால்.

7

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்ற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு பொறுமையாக ஒருத்தி இருப்பாளா, தம்பி குற்ற உணர்ச்சியில் கூட்டிச் சொல்கிறானா என்று சந்தேகம். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் அந்தக் கடைக்குப் போனேன். கடை முதலாளி ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வைத்திருந்தார். அக்கா பொத்தானை அமுக்கினாள், ஸ்டிக்கர் வந்தது, உறையில் ஒட்டினாள். பிறகு அதை விரலால் தொட்டுக் காட்டி எனக்கு வாய்விட்டு வாசித்தாள்.

“வலிச்சா மட்டும் ஒண்ணு. வெறும் வயித்துல வேணாம். புரிஞ்சுதாங்க? புரியலைன்னா போன் பண்ணிக் கேளுங்க. வேற யாரு எழுதிக் குடுத்தாலும் நம்பாதீங்க.”

கடைசி வரியை எல்லாரிடமும் சொல்கிறாளாம். தெருவில் சிலர் அவளுக்கு மறை கழன்றுவிட்டது என்கிறார்கள்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களை வைத்துக் கதை எழுதலாமா என்று கேட்கவும் இல்லை. நாக்கு நுனி வரை வந்தது, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சில விவரங்களை மாற்றினேன், அடையாளம் தெரியக்கூடாதென்று. தையல்காரர் உண்மையில் தையல்காரர் இல்லை. கால் மட்டும் உண்மை. மாற்றி முடித்ததும், நானும் ‘இல்லை’ என்பதில்தானே டிக் அடிக்கிறேன் என்று உறைத்தது. அன்று என்னால் மேற்கொண்டு எழுத முடியவில்லை.

8

தூக்கிப் போட்ட முடிவுகள்.

அ. பொடிக் கம்பெனிக்காரன் பிடிபடுகிறான். நீதிமன்றத்தில் தம்பி எழுந்து நின்று— இரண்டு பக்கம் எழுதினேன். ரத்தம் சூடேறியது. பொய்.

ஆ. தையல்காரர் தம்பியைக் கூப்பிட்டு, விடுப்பா, உன் தப்பு இல்லை என்கிறார். அவர் எதற்குச் சொல்ல வேண்டும்? போனது அவர் கால்.

இ. தம்பி எழுத்துரு செய்வதையே விட்டுவிட்டு— சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

9

கடைசியாக அவன் அறைக்குப் போனது மூன்று வாரம் முன்பு, ஒரு காலையில். எழுத்துருவை என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன் என்று சொல்லப் போனேன். ஜன்னல் போர்வையை எடுத்துவிட்டிருந்தான். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே வந்து ஒரு தபாலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தம்பி முகவரியைப் பார்த்தான். பெரிய பெரிய எழுத்து, இடப்பக்கம் சாய்ந்து, இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தடுமாறிக்கொண்டு நின்றது.

“யாருன்னு தெரியலையே,” என்றான். பிரித்தான். உள்ளே நாலு வரி. வாசித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் எழுந்துவிட்டேன்.

“அக்கா,” என்றான். “இது அக்கா எழுதினது.”

எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் கையின் நடுக்கம் வரை அறிந்தவன், அவள் எழுதிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு யாரென்று கேட்டான். அவள் இந்த எட்டு மாதமும் கடை முடிந்து வந்து வீட்டில் உட்கார்ந்து, நாற்பத்தெட்டு வயதில், இடது கையால் எழுதப் பழகியிருக்கிறாள். பழைய எழுத்து ஆயிரக்கணக்கான அந்நியர்களின் கணினியில் இருக்கிறது. அவர்களை வெளியேற்ற முடியாது. அதனால் அவளே அதைக் காலிசெய்துவிட்டு வந்துவிட்டாள்.

கடிதத்தை அவன் என்னிடம் நீட்டினான். வாசித்தேன். முதல் வரியை மட்டும் சொல்கிறேன், அது தெருவுக்கே தெரிந்த செய்தி: தையல்காரருக்குச் செயற்கைக் கால் வந்துவிட்டது, நேற்றுக் கடை வரைக்கும் நடந்து வந்தார். மற்ற மூன்று வரிகள் அவனுக்கு. மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அந்த மூன்று வரிகளையும் அச்சில் போட்டால் இந்தக் கதை இதைவிட நன்றாக முடியும் என்று எனக்குத் தெரியும். போடமாட்டேன்.

“பேனா இருக்கா?” என்று தம்பி கேட்டான்.

பதினைந்து வருடமாக எழுத்து செய்து விற்பவனின் அறையில் ஒரு பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். அவன் ஒரு தாளை எடுத்து, கணினியைத் தள்ளிவைத்துவிட்டு, குனிந்து ஒரு சொல் எழுதினான். பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்தான். அதோடு நின்றுவிட்டான். அவனுடைய சொந்தக் கையெழுத்தை அன்றுதான் பார்த்தேன். படுமோசமாக இருந்தது.

எந்த எழுத்தாளனும் அங்கே உட்கார்ந்திருப்பான். நான் வரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வரியில் அவன் என்ன எழுதினான், எழுதினானா, எனக்குத் தெரியாது. ஓர் அக்காவுக்கு அந்த இடத்தில் ஒரு தம்பி என்ன எழுத வேண்டும் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன், எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கணினியில் வேண்டாம். உங்கள் கையால் எழுதுங்கள்.

அக்கா,